சிறுவரும் நீதிமன்றமும்

சிறுவருக்கெனத் தனி நீதிமன்றம் வேண்டும் என்னும் எண்ணம் நெடுங்காலத்ததன்று. 1899 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி சிக்காகோ நகரில் அத்தகைய நீதிமன்றம் ஒன்று முதன்முதலாகத் தோன்றிற்று. அதற்கு முன்னர்ப் பல இடங்களில் பாலனும் முதிர்ந்த கள்வனும் ஒரே கூண்டில் நின்றனர். ஒரே சிறையிற் கிடந்தனர். புதிய முறையை வகுத்தோர் நல்லெண்ணம் படைத்தோர். 'இவன் செய்த குற்றம் யாது?' என வினவுவதிலும், 'இவனுக்கு உற்ற குறை யாது? இவனைத் திருத்துமாறு எங்ஙனம்?' என வினவுதலே தக்கது என்றனர். நீதிபதி தந்தையின் தானத்தில் இருப்பவர். தந்தையின் முன் மைந்தனுக்கு வழக்கறிஞர் எதற்கு, சாட்சி எதற்கு, எழுத்து மூலமான குற்றச்சாட்டு எதற்கு எனக் கருதி, அவற்றையெல்லாம் வேண்டாதனவாக்கினர்.

கேட்பதற்கு இனிய கருத்து. ஆசிரியராகிய எமக்கு மிகவும் இனிது. வகுப்பறையை நாம் ஆளுவதும் அம்முறையிலன்றோ! அக்கருத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஒரு வழக்கினால் அறியலாம்.

1964 ஆம் ஆண்டு யூன் மாதம் 8 ஆம் திகதி அரிசோனா மாநிலத்தில் ஜெரல்ட் கோல்ற் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனைப் பொலிசார் பிடித்துச் சென்றனர். அயலிலுள்ள பெண்ணொருத்தியுடன் தொலைபேசியில் இழிவாகப் பேசினான் என்பது முறைப்பாடு. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்கு ஓர் அறிவித்தலேனும் விட்டுச் சென்றாரில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், மகனைத் தேடி மூத்த மகனை அனுப்பிய பின்னரே செய்தி அறிந்தாள். மறுநாள் நீதிபதியின் அறையில் விசாரணை நிகழ்ந்தது. முறையிட்ட பெண் வரவில்லை. எவரும் சத்தியம் செய்து சாட்சி கூறவில்லை. பேசியவற்றை எவரும் எழுதி வைக்கவுமில்லை. சிறுவன் குற்றத்தை ஒரு பகுதி ஒப்புக்கொண்டான் என்று பின்னர் நீதிபதி கூறினார். எண்ணைச் சுழற்றித் தோழனிடம் கொடுத்ததையன்றி வேறொன்றும் அவன் ஒப்பவில்லை என்று தாய் கூறினாள். எது மெய்? ஏடு இல்லாத விசாரணையில் அதனை யார் அறிவார்! ஒரு வாரத்தின் பின் நிகழ்ந்த இரண்டாம் விசாரணையில், முறையிட்டவளை அழைக்குமாறு தாய் வேண்டினாள். அவள் வரவேண்டியதில்லை என்பதே விடை. இருபத்தொரு வயது நிரம்பும் வரை சிறுவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் எனத் தீர்ப்பாயிற்று. இதே குற்றத்தை வளர்ந்த ஒருவன் புரிந்திருப்பின், 5 முதல் 50 டொலர் வரை தண்டம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. அன்பின் பெயரால் ஆறாண்டு. சட்டத்தின் பெயரால் இரண்டு மாதம்!

மேன்முறையீட்டுக்கு அம்மாநிலச் சட்டம் இடந்தரவில்லை. பெற்றோர் ஆட்கொணர்வு மனு வாயிலாகப் போராடினர். 1967 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், நீதியரசர் ஏப் போர்ட்டஸ் எழுதிய தீர்ப்பினால், சிறுவன் பக்கம் நின்றது. குற்றச்சாட்டைக் காலத்தோடு அறிவித்தல், வழக்கறிஞர் துணை, சாட்சிகளை எதிர்நின்று வினவுதல், தனக்கெதிராகத் தானே பேசாதிருத்தல் ஆகிய உரிமைகள் சிறுவனுக்கும் உரியன என்றது. நீதியரசர் பொட்டர் ஸ்ருவேட் இதற்கு இணங்கவில்லை. சிறுவர் விசாரணை பழையபடி குற்ற விசாரணையாகிவிடும் என அஞ்சினார். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பொற்கொல்லன் சொல்லை மாத்திரம் கேட்டுக் கோவலனை அழித்த பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரத்திற் கற்பிக்கும் நாம் எப்பக்கம் நிற்பது என்பதில் ஐயமில்லை.

எமது நாட்டிலும் இவ்வினா உண்டு. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், பிள்ளைகளை வளர்ந்த எதிரிகளோடு சேரவிடாது தனியே விசாரிக்க வகை செய்தது. பத்திரிகைகள் அவர்தம் பெயரை வெளியிடுவதைத் தடுத்தது. நன்று. ஆனால் அதே சட்டம், குற்றம் புரிந்தவனையும், பராமரிப்பாரின்றி அலைந்தவனையும், 'என்னால் இவனை அடக்க முடியவில்லை' என்று பெற்றார் கொண்டுவந்து விட்டவனையும் ஒரே மன்றின் முன் நிறுத்திற்று. குற்றமே புரியாத பிள்ளையும் காவலுக்குள்ளாகக் கூடும். சிறுவர் உரிமைகள் பற்றிய 1989 ஆம் ஆண்டு உடன்படிக்கை, குற்றஞ் சாட்டப்பட்ட பிள்ளைக்குத் தன் பக்கத்தை எடுத்துரைக்கத் துணை வேண்டும் என்கின்றது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதி செய்தது. (கோல்ற் பிறந்த நாடு கையொப்பமிட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை என்பது விந்தை.) குற்றப் பொறுப்புக்குரிய வயது எட்டாக இருந்தது, 2018 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுப் பன்னிரண்டாக உயர்ந்தது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவன் தன் செயலின் தன்மையை உணரத்தக்க முதிர்ச்சி உடையவனா என்பது மன்றில் ஆராயப்படவேண்டியது. அவனைப் பேசவிடாமல் அதனை ஆராய்வது எங்ஙனம்?

வகுப்பிற் பேனா ஒன்று காணாமற் போகின்றது. எல்லார் கண்ணும் முன்னொரு நாள் பிடிபட்டவனையே நோக்கும். கோல்ற் என்பவனும், முன்னர்ப் பணப்பை திருடிய வேறொருவனோடு கூட இருந்தமைக்காக ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவனே. நம் பழைய மாணவருள் வழக்கறிஞர் பலர் உளர். அவர்கள் மாதத்தில் ஒரு நாளேனும் ஊதியம் கருதாது, துணையின்றி நிற்கும் சிறுவன் ஒருவனுக்காகச் சிறுவர் நீதிமன்றத்தில் எழுந்து பேசுவாராயின், ஏனைய வழக்குகள் அதனாற் கெட்டுப் போகா.