முன்பணம் கட்டிய நாளா, பதிவான நாளா?

கோரமண்டல், கோலார் தங்கவயலில் ஒரு பகுதி. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு இங்கே பலருக்கு ரயில்தான் சோறு போடுகிறது. விடியும் முன் ரயில் ஏறி பெங்களூர் போவார்கள். இரவில் திரும்புவார்கள்.

நம் கதையில் வரும் அக்கா ரயில் ஏறுவதில்லை. வீட்டில் தையல் வேலை செய்கிறார். தைத்த துணிகளை ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கூலியில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். அதனால் ஒரு கரண்டு ஸ்கூட்டர் வாங்க நினைத்தார். 2025 மார்ச் 20 அன்று கடையில் முன்பணம் கட்டினார்.

“அரசு மானியம் பத்தாயிரம் உண்டு” என்றார் கடைக்காரர்.

ஏப்ரல் 4 அன்று வண்டி வந்தது. பில்லில் மானியம் ஐயாயிரம்தான் இருந்தது.

“தம்பி, என்னை ஏமாற்றிவிட்டார்களா?” என்று கேட்டார் அக்கா.

தம்பி பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“ஏமாற்றவில்லை அக்கா. இடையில் விதி மாறிவிட்டது. நீ பணம் கட்டிய தேதி கணக்கில் வராது. வண்டி விற்பனையாகிப் பதிவான தேதிதான் கணக்கு.”

தங்கவயலுக்குக் கரண்டு புதிது அல்ல. சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-லேயே சுரங்கத்துக்கு வந்தது. கரண்டு வண்டிக்கு மானியம் என்பதுதான் புதிது. அதுவும் அடிக்கடி மாறியது.

பேட்டரி எத்தனை யூனிட் பிடிக்கும் என்று பார்த்து மானியம் தந்தார்கள். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். 2021 ஜூன் மாதம் ஒரு யூனிட்டுக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 2023 ஜூன் 1 முதல் அது 10,000 ஆனது. 2024 ஏப்ரல் 1 முதல் 5,000. 2025 ஏப்ரல் 1 முதல் 2,500.

அக்காவின் வண்டியில் 3 யூனிட் பேட்டரி. மார்ச் மாதக் கணக்கில் 15,000 வரும். ஆனால் ஒரு வண்டிக்கு 10,000-க்கு மேல் கிடையாது. ஏப்ரல் கணக்கில் 7,500 வரும். அப்போது உச்சவரம்பு 5,000.

மானியம் நம் கைக்கு வரவில்லை. கடைக்காரர்கள் விலையில் குறைத்தார்கள். அந்தப் பணத்தை அரசு கம்பெனிக்குத் தந்தது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஆதாரைச் சரிபார்த்து ஒரு மின் ரசீது தந்தார்கள். அதற்கு இ-வவுச்சர் என்று பெயர். கைப்பேசிக்கு வந்த அந்த ரசீதில் நாம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எந்த ரசீதிலும் தொகையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வருமான வரியிலும் ஒரு சலுகை இருந்தது. கரண்டு வண்டிக் கடனுக்குக் கட்டும் வட்டியில், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். அதற்கு 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி ஆகியிருக்க வேண்டும். வண்டியின் தேதி அல்ல, கடனின் தேதி! இதைத் தெரியாமல் விட்டவர்கள் பலர் இருப்பார்கள்.

“முன்பணம் கட்டும்போது நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?” என்றார் அக்கா.

“வண்டி எந்தத் தேதியில் பதிவாகும்? அதற்குள் மானியம் குறைந்தால் வித்தியாசம் யார் தலையில்? இரண்டையும் ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.”

அக்கா பெருமூச்சு விட்டார். ஐயாயிரம் ரூபாய்க்கு எத்தனை ரவிக்கை தைக்க வேண்டும்!

கணக்குப் போடுங்கள்: பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் 2 யூனிட் பேட்டரி. 2025 மார்ச் 31 அன்று பதிவாகியிருந்தால் மானியம் எவ்வளவு? மறுநாள் பதிவாகியிருந்தால் எவ்வளவு?