கப்பல் ஏறும் முன் டேப்பை எடுங்கள்

நடமாட்டம் குறைந்தவர்களோடு பயணம்: வாசகர் கேள்விகளுக்கு, திருச்சி பொன்மலையில் பயண ஏற்பாடு செய்துதருபவரின் பதில்கள்

கேள்வி: பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். நாற்பதாவது கல்யாண நாளுக்கு, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி போய்வரும் சொகுசுக் கப்பலில் அழைத்துப்போக ஆசை. பால்கனி அறை எடுக்கலாமா, ஜன்னல் அறை போதுமா?
- ஓய்வுபெற்ற ஃபிட்டர், பொன்மலை

பதில்: ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நூலளவு பிசகினாலும் விட்டிருக்க மாட்டீர்கள். மனைவியின் நாற்காலி எத்தனை அங்குல அகலம் என்று மட்டும் எழுதவில்லையே, ஐயா! பால்கனியா ஜன்னலா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கதவு. சாதாரண நாற்காலி, வெளிச்சக்கர விளிம்போடு சேர்த்து 24 முதல் 26 அங்குலம் வரும். கப்பலின் சாதாரண அறைக்கதவு பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்பு இருக்கும். நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

சென்னையிலிருந்து கிளம்பும் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ 1990-ல் ஓடத் தொடங்கிய கப்பல். பழையதோ புதியதோ, எந்தக் கப்பலிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகள் சொற்பம்தான். அவைதான் முதலில் தீரும். அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டு, அறை எண்ணையும் கதவு அகலத்தையும் எழுத்தில் வாங்குங்கள். “பார்த்துக்கலாம் சார்” என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது துறைமுகம். விசாகப்பட்டினத்தில் 2023-ல் திறந்த பயணியர் முனையம் இருக்கிறது. கப்பல் ஒட்டி நிற்கும், இறங்கலாம். புதுச்சேரியில் இவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டுப் படகில்தான் இறக்கவேண்டும். 2022-ல் சென்னையிலிருந்து இந்தப் பயணம் தொடங்கியபோது அங்கே இறங்க அனுமதியே கிடைக்கவில்லை. அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் நாற்காலியைத் தூக்கி வைக்க யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அன்று மற்றவர்கள் இறங்கிப் போகட்டும். பாதி காலியான கப்பலில் நீங்கள் இருவரும் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். புதுச்சேரிக்கு நம் ஊரிலிருந்து காரில் நாலு மணி நேரம். அதற்குக் கப்பல் எதற்கு?

கேள்வி: கப்பலில் சக்கர நாற்காலி கொடுப்பார்கள் அல்லவா?
- எம்.கே., பொன்மலைப்பட்டி

பதில்: ஏற்றி இறக்க மட்டும் கொடுப்பார்கள். பயணம் முழுக்க வேண்டுமென்றால் சொந்த நாற்காலி. பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கப்பல் ஆடும்.

கேள்வி: அம்மா பினாங்கில் பிறந்தவர். சிறுமியாக ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். இப்போது வயது 81. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பார். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஒருமுறை கடல்வழியாகப் போகவேண்டும் என்கிறார். இந்த வயதில் இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள் உறவுக்காரர்கள்.
- ஆர்., சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்

பதில்: உறவுக்காரர்கள் வரவேண்டாம். அம்மாவை அழைத்துப் போங்கள்.

ரஜூலா 1926-ல் ஓடத் தொடங்கி 1973 வரை உழைத்த கப்பல். நாகையில் அது கரைக்கே வராது. கடலில் நிற்கும், படகில்தான் இறங்கவேண்டும். அதையே பார்த்தவர் உங்கள் அம்மா. இப்போது பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் ஒட்டி நிற்கும். நாற்காலியில் உட்காரவைத்துச் சரிவில் இறக்கிவிடலாம். அதே கப்பல் புக்கெட்டுக்கும் போவதாக இருந்தால், அங்கே பெரும்பாலும் படகுதான். அன்று அம்மா கப்பலிலேயே இருக்கட்டும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். கப்பல் கிளம்பும் நாளில் போய் இறங்காதீர்கள். முந்தின நாளே போய்த் தூங்க விடுங்கள். பினாங்கு போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. விசா அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அங்கேதான் ஆட்டம் குறைவு. வாக்கர் இருந்தாலும் நாற்காலியும் எடுத்துப் போங்கள். கப்பலின் நடைவழி உங்கள் வீட்டுக் கூடம் இல்லை.

கேள்வி: அப்பாவால் நாலு படிக்குமேல் ஏற முடியாது. நாற்காலி என்றாலே கோபம் வருகிறது. “ஃபாரத்தில் ‘நடப்பார்’ என்றே போட்டுவிடுங்கள், பிறகு சமாளிக்கலாம்” என்கிறார் டிக்கெட் போட்டுத்தருபவர். சரியா?
- எஸ்.வி., தென்னூர்

பதில்: சரியில்லை. இதை எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்! வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிப்பார்கள். ஃபாரத்தில் மட்டும் அப்பா நடப்பார். யாருக்காக இந்தக் கௌரவம்?

கப்பலில் ஆபத்து என்றால் லிஃப்டை நம்ப முடியாது, படிதான். யாருக்கெல்லாம் ஆள் அனுப்பித் தூக்கவேண்டும் என்று ஊழியர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ‘நடப்பார்’ என்று எழுதிய அப்பா அதில் இருக்க மாட்டார். கப்பல் கிளம்பும் நேரத்தில் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும்போது, உங்கள் அறைக்கு யார் வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போவதானாலும் இதே கதைதான். அங்கே நாற்காலி உதவிக்கு மூன்று எழுத்துகள் உண்டு. படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார் என்றால் ஆர். படியும் ஏறமாட்டார் என்றால் எஸ். இருக்கைவரை தூக்கிச்செல்லவேண்டும் என்றால் சி. உங்கள் அப்பா எஸ். ஆர் என்று போட்டால், பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிக்கு அடியில் விட்டுவிடுவார்கள். திருச்சியில் 2024-ல் திறந்த புது முனையத்தில் ஏரோபிரிட்ஜ் உண்டு. போகும் ஊரில் உங்களுக்கு எது கிடைக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சொன்னதோடும் முடியாது, காத்திருக்கவும் தெரியவேண்டும். 2024 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து மும்பை வந்திறங்கிய தம்பதிக்கு ஒரு நாற்காலிதான் வந்தது. இன்னொன்றுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். 80 வயதான கணவர், மனைவியின் நாற்காலியோடு சேர்ந்தே நடந்தார். குடியேற்றப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தவர் அங்கேயே சரிந்தார், பிழைக்கவில்லை. விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. யாருக்கு என்ன லாபம்? நாற்காலி வரும்வரை அப்பா எழுந்திருக்கக்கூடாது. கோபப்பட்டால் படட்டும், உட்கார்ந்துகொண்டே படட்டும்.

கேள்வி: மாமியார் நன்றாக நடப்பார். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சிங்கப்பூருக்குத் தனியாகப் போகிறார். வரிசையில் நிற்காமலிருக்க நாற்காலி கேட்கலாமா?
- பெயர் வேண்டாம், கே.கே. நகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே பதில் தெரிந்துவிட்டது. மொழி தெரியாமல் திண்டாடுவார் என்பது பயமானால், கூட வந்து வழிகாட்டும் உதவி என்று கேளுங்கள், அது தனி. நீங்கள் பொய்யாக எடுக்கும் நாற்காலிக்காக ஒரு நிஜமான கிழவி காத்திருப்பாள்.

கேள்வி: சென்னைத் துறைமுகம்வரை ரயிலில் போகலாமா? சலுகை உண்டா?
- ஜே.பி., அரியமங்கலம்

பதில்: போகலாம். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கை. முதியோர் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். துணையின்றிப் பயணம் செய்யமுடியாத உடல் ஊனமுற்றவர்களுக்குச் சான்றிதழ் காட்டினால் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதம் கழிவு. கூடப்போகும் ஒருவருக்கும் உண்டு. இதிலும் ஒருநாள் முன்னால் போய்விடுங்கள். மருந்துப் பை கையில் இருக்கவேண்டும். கப்பலில் பெட்டியை வாங்கிக்கொண்டால் அறைக்கு வர மணிக்கணக்காகும்.

கேள்வி: எல்லோரும் கெஞ்சியும் அப்பா கப்பலுக்கு வரமாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- டி.எல்., திருவானைக்காவல்

பதில்: ஏன் என்று யாராவது தனியாகக் கேட்டீர்களா? நான் பார்த்தவரை, ‘வரமாட்டேன்’ என்பதற்குப் பின்னால் இருப்பது கழிப்பறைதான். பிள்ளைகள் எதிரில் சொல்லக் கூச்சம். அறையின் குளியலறைப் படத்தைக் கம்பெனியிடம் வாங்கி, பிடிகம்பி எங்கே, உட்காரும் உயரம் எவ்வளவு என்று காட்டுங்கள். பிறகு சித்திரை வீதி நாலையும் நாற்காலியில் ஒரு சுற்று தள்ளிப் பாருங்கள். தள்ளுகிறவருக்குத் தன் இடுப்பு தெரியும். உட்காருகிறவருக்குத் தன் பொறுமை தெரியும். அதற்கப்புறமும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நல்ல ஆளாகப் பார்த்துத் துணைக்கு வைத்துவிட்டு நீங்கள் போய்வாருங்கள். போகும் இடத்திலிருந்து மணிக்கொருமுறை போன் செய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.