‘கொடி’ ஏன் தப்பாச்சு? கல்வி ஹாக்கத்தானுக்கு ஓர் அழைப்பு



எங்கள் தாமானில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடக்கும். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அங்கே போய் உதவி செய்வது வழக்கம். ஒரு நாள், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளைக்கு, அவள் அம்மாவின் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தேன். திரையில் ஒரு கொடியின் படம். கீழே அதன் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘கொடி’ என்று தட்டினாள். சிவப்பு நிறத்தில் ‘தவறு’ என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் ‘தவறு’.

“அண்ணா, நான் சரியாத்தானே எழுதுனேன்?”

எட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. “நீ எழுதுனது சரிதாம்மா. செயலிதான் தப்பு” என்றேன். அவள் நம்பவில்லை. “ஃபோன் எப்படிண்ணா தப்பா சொல்லும்? எனக்குத்தான் தமிழ் வரல” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தச் செயலியை எழுதியவன் நான்தான். அதற்கு முந்தைய வருடம் ஒரு கல்வி ஹாக்கத்தானில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 24 மணி நேரம் தூங்காமல் செய்தது. இரண்டாம் பரிசு வாங்கினோம். சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

இப்போது எங்கள் கிளை ஒரு கல்வி ஹாக்கத்தான் நடத்தப் போகிறது. தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்களை அழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளையிடமிருந்து நான் கற்ற பாடத்தை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பாடம் 1: கணினிக்கு எழுத்து வேறு, நமக்கு எழுத்து வேறு

‘நட்பு’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ந, ட், பு என்று மூன்று. முதலாம் ஆண்டுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் யூனிகோட் முறையில் கணினி அதை ஐந்து குறியீடுகளாக வைத்துக்கொள்கிறது: ந, ட, புள்ளி, ப, உகரக் குறி. எழுத்துகளை எண்ணச் சொல்லிச் சாதாரணமாக நிரல் எழுதினால் விடை ஐந்து என்று வரும். சொல்லை எழுத்தாகப் பிரித்துக் காட்டினால் புள்ளி தனியாக, கொம்பு தனியாக, ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும்.

‘கொடி’யில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடு, கால் இன்னொரு குறியீடு என்று இரண்டாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். நான் விடையை முதல் விதத்தில் பதிந்து வைத்திருந்தேன். அந்த அம்மாவின் கைப்பேசியில் இருந்த விசைப்பலகை இரண்டாவது விதத்தில் அனுப்பியது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு விடையையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை ‘நார்மலைசேஷன்’ என்பார்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் ஒரே வரி வேலை. எங்கள் நான்கு பேருக்கும் அது தெரியவில்லை. பல மொழி எழுத்துகளோடு தினமும் வேலை செய்கிற ஒரு நிரலாளர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஒரு தமிழாசிரியர் இருந்திருந்தால் பரிசு வாங்கும் முன்பே பத்துச் சொற்களைத் தட்டிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்திருப்பார். இரண்டு பேரையும் நாங்கள் அழைக்கவே இல்லை.

பாடம் 2: முதலில் பிரச்சினை, பிறகுதான் போட்டி

ஹாக்கத்தான் என்றாலே பரிசுப் பணம், டி-சட்டை, நள்ளிரவு பீட்சா என்று நினைக்கிறோம். அந்தப் பெயர் வந்த கதை வேறு. 1999 ஜூன் மாதம், ஓப்பன் பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் கனடாவின் கால்கரி நகரில் கூடினார்கள். மறையாக்க நிரல்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் அமெரிக்கச் சட்டம் அப்போது கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்தச் சிக்கல் வராமல் வேலை செய்ய வேண்டும் என்றுதான் கனடாவில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘ஹாக்கத்தான்’ என்று பெயர் வைத்தார்கள். பரிசுக்காக யாரும் வரவில்லை. முடிக்க வேண்டிய ஒரு வேலை கையில் இருந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர், எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1990களில் அவர் அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுக் குழுவோடு சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் வந்தபோது தமிழும் அதில் இருந்தது. 1997-இல் தமிழ் இணைய மாநாடு அங்கே நடந்ததிலும் அவர் பங்கு பெரியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். ஆசிரியரும் நிரலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பாடம் 3: அழைப்பது எப்படி

இந்த முறை நிரலாளர்களை அழைக்க வேண்டும் என்று முடிவானதும் நான் ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். தமிழின் பெருமை, சமுதாயக் கடமை, இளைஞர் சக்தி எல்லாம் அதில் இருந்தது. பல குழுக்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடைசியில் எனக்கு முன்பு படித்த ஓர் அக்காவிடம் காட்டினேன். அவர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். படித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “தம்பி, ரொம்ப நல்லா எழுதியிருக்க. ஆனா நான் வந்து என்ன செய்யணும்?”

என்னிடம் பதில் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டு முதலில் ஆசிரியர்களிடம் போனேன். அவர்கள் சொன்னதை வைத்து ஒரு பக்கத்தில் இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் நான்கு விஷயம் மட்டும் வைத்தேன்.

ஒன்று, பிரச்சினை. “இரண்டாம் ஆண்டுப் பிள்ளை சரியாக எழுதியும் செயலி தவறு என்கிறது” என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

இரண்டு, யாருக்காகச் செய்கிறோம். பல வீடுகளில் பிள்ளைக்கென்று கணினி கிடையாது. அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைப்பேசி கைக்கு வரும். ப்ரீபெய்ட் டேட்டாவும் அளவுதான். அதனால் இணையம் இல்லாமலும் ஓட வேண்டும், பழைய கைப்பேசியிலும் ஓட வேண்டும்.

மூன்று, அவரிடம் கேட்பது. “எல்லோரும் வாருங்கள்” என்று எழுதவில்லை. “சனிக்கிழமை மூன்று மணி நேரம், இரண்டு குழுவுக்கு வழிகாட்டி” என்று எழுதினேன்.

நான்கு, பிறகு என்ன. ஹாக்கத்தான் முடிந்ததும் நிரலை யார் பார்த்துக்கொள்வார்கள், பிழை வந்தால் யாரிடம் சொல்வது என்று எழுதினேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. வந்தவர்களில் ஒரு மலாய் நண்பரும் ஒரு சீன நண்பரும் உண்டு. தமிழ் தெரியாதே என்று தயங்கினார்கள். “எழுத்தை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க நிரலைப் பாருங்க” என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

உங்கள் கிளையில் செய்து பாருங்கள்

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். “உங்களுக்கு எந்தச் செயலி வேண்டும்?” என்று கேட்காதீர்கள். “போன வாரம் எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்றது?” என்று கேளுங்கள். வரும் பதிலை மூன்றே வரியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் ஹாக்கத்தானின் முதல் கேள்வித்தாள்.

நடுவர்களில் ஒருவராவது வகுப்பில் பாடம் நடத்துகிறவராக இருக்கட்டும். முடிவு அறிவிக்கும் முன் ஒவ்வொரு படைப்பையும் இரண்டு பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். பரிசில் ஒரு பாதியை அன்றைக்குக் கொடுங்கள். மறுபாதியை, மூன்று மாதம் கழித்தும் அந்தச் செயலி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் கிளையில் இந்த விதியை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அழைப்பு

நிரல் எழுதத் தெரிந்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, எங்களுக்கு உங்கள் மூன்று மணி நேரம் வேண்டும். நிரல் தெரியாதவர்களும் வாருங்கள். தமிழில் பிழை பார்க்க, படம் வரைய, குரல் பதிவு செய்ய, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும்.

அந்தத் தங்கச்சிக்காகச் செயலியைத் திருத்திவிட்டேன். போன ஞாயிறு அவளிடம் காட்டினேன். “அப்புறம் பார்க்கிறேன்ணா” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவள்மேல் தப்பில்லை. பிழையைத் திருத்த ஒரு வரி போதும். ‘எனக்குத் தமிழ் வரல’ என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்ததைத் திருத்தக் கொஞ்ச காலம் ஆகும். அடுத்த ஞாயிறும் கைப்பேசியோடு போவேன்.

கலந்துரையாட:

1. உங்கள் கிளை கடைசியாக நடத்திய நிகழ்ச்சியின் பயன், மூன்று மாதம் கழித்து யாரிடம் இருந்தது?

2. நம் அழைப்புக் கடிதங்களைப் படிக்கிறவருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறதா? ஒன்றை எடுத்துத் திருத்தி எழுதுங்கள்.

3. ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’ ஆகியவற்றை உங்கள் கைப்பேசியில் தட்டி, ஒவ்வொரு முறையாக அழித்துப் பாருங்கள். என்ன நடக்கிறது?