பழைய டீசல் பிக்கப்: சிவப்பு லைட்டும் நடுங்கும் எஞ்சினும்



இம்முறை வண்டியைப் பற்றி ஒரு பாடம். "கொழுந்து எடுக்கிற எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்று அக்காமார் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி வந்தால் என்ன செய்கிறோம்? முதலில் 1990க்கு அடிக்க வேண்டும். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வரும். ஆனால் ரத்தோட்டைப் பக்கமோ எல்கடுவைப் பக்கமோ, மேல்கணக்கு லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறக்கிக்கொண்டு வர, பல நேரம் நமக்கு இருப்பது ஒரு பழைய பிக்கப்தான். அந்த நேரத்தில் அது "கிளிக், கிளிக்" என்று நின்றால் யாரிடம் போவது?

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தார்கள். ஆகவே 25, 30 வருஷத்து வண்டிகளே இன்னும் மலை ஏறுகின்றன. பெரும்பாலான கோளாறு பெரிய கோளாறல்ல. அழுக்கு, தளர்ந்த வயர், காற்று, தண்ணீர் இந்த நான்கும்தான். சாமான் வாங்க முன்னம் இவற்றைப் பாருங்கள்.

1. டீசல் எஞ்சினுக்குக் கரண்ட் எதற்கு?

பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி தேவை. டீசலுக்குத் தேவையில்லை. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. ஜெர்மனியில் ருடோல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய முறை இதுதான். ஆனாலும் மூன்று இடத்தில் கரண்ட் வேண்டும்: ஸ்டார்ட்டர் மோட்டார், குளிரில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், பம்பின் மேல் எண்ணெயைத் திறந்து மூடும் சொலினாய்ட்.

2. சாவி போட்டால் "கிளிக்" மட்டும்

பட்டரியைக் குறை சொல்ல முன்னம் அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளை, பச்சை நிறத்தில் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உரசி, இறுக்குங்கள். பிறகு ஏர்த் வயரைப் பாருங்கள். பட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் அந்த வயர் துருப்பிடித்தால் புதுப் பட்டரி போட்டும் பிரயோசனமில்லை.

சின்ன மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15க்கு மேலே என்றால் பட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

3. சிவப்பு பட்டரி லைட் எரிகிறது

"வண்டி ஓடுதுதானே, பாத்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். டொயோட்டா 2எல், 3எல், இசுசு 4ஜேஏ1 போன்ற எஞ்சின்களில் பிரேக்குக்கு உதவி செய்யும் வேக்கும் பம்பு, டைனமோவின் பின்பக்கமே பூட்டியிருக்கும். இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் போகாது, பிரேக்கும் கல்லாகிவிடும். ரிவர்ஸ்டன் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும்?

சோதிப்பது லேசு. எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், கடினமாகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் உதவி வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஆள் ஏற்ற வேண்டாம். பெல்ட்டின் நடுவைப் பெருவிரலால் அமுக்கினால் சுமார் அரை அங்குலம்தான் இறங்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

4. ஐட்லிங் நடுங்குகிறது

சூடான எஞ்சின் கால் வைக்காமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700, 800 சுற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் உடனே ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். ஸ்க்ரூ நோயை மறைக்கும், தீர்க்காது.

• காலையில் வெள்ளைப் புகையும் நடுக்கமும், சூடானதும் சரி: ஹீட்டர் பிளக். மேலுள்ள இணைப்புத் தகட்டைக் கழற்றி, சோதனை பல்பின் ஒரு முனையைப் பட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாத பிளக் செத்தது.

• ஏறி இறங்கி ஓடுகிறது, பின்பு நிற்கிறது: டீசல் வழியில் காற்று. ஃபில்டர் கைப்பம்பு, ரப்பர் குழாய், கிளிப் எல்லாம் பாருங்கள். ஈரம் கசியும் இடத்தில் காற்றும் நுழையும்.

• மழைக்காலத்தில் இழுக்கவில்லை: ஃபில்டரின் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். பாதி டாங்கில் பனி நீராகும். ராத்திரியில் டாங்க் நிறைந்திருப்பது நல்லது.

• கறுப்புப் புகை: முதலில் ஏர் ஃபில்டர், பிறகுதான் நொசில்.

• ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை: பம்பின் மேலுள்ள சொலினாய்ட் வயரைப் பாருங்கள். சாவி போட்டு வயரைத் தொட்டால் "டிக்" சத்தம் வர வேண்டும்.

லைட் போட்டதும் சத்தம் சற்றே இறங்குவது இயல்பு. நின்றே போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. செய்யவே கூடாதவை

ட்ராக்டர் பட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடும்போதே கழற்றி மாற்றுகிறார்கள். டைனமோவின் டையோட் கருகிவிடும். 24 வோல்ட் லொறியிலிருந்து வயர் போட வேண்டாம். பட்டரி அருகே பீடி, நெருப்பு கூடாது, அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மண்ணெண்ணெய் கலந்தால் பம்புக்கு வழுக்கல் இல்லாமல் தேயும். எஞ்சினை நிறுத்தி இறக்கத்தில் உருட்டுவதும் வேண்டாம், பிரேக்குக்கு உதவி இருக்காது.

வீட்டுப் பயிற்சி: இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டரி முனை, ஏர்த் வயர், பெல்ட், பிரேக் சோதனை, ஃபில்டர் தண்ணீர் ஐந்தையும் பாருங்கள். அரை மணி நேரம் போதும். பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் காட்டுங்கள். டிரைவர் அண்ணன் ஊரில் இல்லாத ராத்திரியும் வரும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.