ஒளிக்கூச்சமும் வண்ணக் கண்ணாடியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒளியின்றிக் காட்சியில்லை. ஆயினும் அவ்வொளியே சிலருக்குத் துன்பமாகிவிடுகிறது. நண்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்குவது எல்லோருக்கும் இயல்பு. குழல் விளக்கின் கீழ் வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கண் கூசித் தலை வலிப்பது இயல்பன்று, அது நோய்க்குறி. இதனை ஒளிக்கூச்சம் என்பர். அத்துன்பம் உடையோருள் நானும் ஒருவன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில், விடுதியில் இரவு ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுத்துகள் நெளியும். வலக்கண்ணின் பின்னால் வலி குத்தும். படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணிய நாள்களும் உண்டு. "வெயில்ல நின்னு களை வெட்டுற எங்களுக்கு வராத கூச்சம், நிழல்ல உக்காந்து படிக்கிற உனக்கு எப்படிடா வந்துச்சு?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டது கேலியாக அன்று, கவலையாக.

கண் மருத்துவர் கருவிழி, விழித்திரை, கண்ணழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தார். கண்ணில் குறையில்லை, காரணம் ஒற்றைத் தலைவலியே என்று கூறி, இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கண்ணாடியை எழுதிக் கொடுத்தார். அறைக்குள் கருப்புக் கண்ணாடி அணியலாகாது என்றும் எச்சரித்தார். பகற்காட்சி முடிந்து கொட்டகையை விட்டு வெளியே வரும்போது நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். இருளுக்குப் பழகிய கண்ணுக்குச் சிறு வெளிச்சமும் பெருவெளிச்சமே.

அப்படியாயின் இளஞ்சிவப்பு எதற்கு? விழித்திரையில் கோல், கூம்பு ஆகிய அணுக்களேயன்றி, தாமே ஒளியை உணரும் நரம்பணுக்களும் சில உண்டு என்பதை 2002-இல் டேவிட் பெர்சன் குழுவினர் அமெரிக்காவில் காட்டினர். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியே இவற்றை மிகுதியாகத் தூண்டும். இவற்றின் இழைகள் மூளையில் தலைவலியோடு தொடர்புடைய அணுக்களை எட்டுகின்றன என்று 2010-இல் எலிகளிடம் நடந்த ஆய்வு தெரிவித்தது. எஃப்.எல்-41 எனப்படும் இளஞ்சிவப்புச் சாயம் இந்நீலப் பகுதியையே பெரிதும் தடுக்கிறது. ஒற்றைத் தலைவலியுள்ள குழந்தைகள் இதனை நான்கு மாதம் அணிந்தபோது, மாதத்திற்குச் சராசரி 6.2 முறை வந்த வலி 1.6 ஆகக் குறைந்தது என்று இங்கிலாந்தில் 1991-இல் வெளியான சிற்றாய்வு கூறுகிறது.

இதனை நம் ஆய்வுக்கூடத்திலேயே கண்டேன். பாதரச ஆவி விளக்கை ஏற்றி, நிறமாலைமானியின் பிளவுக்கு முன் என் கண்ணாடியைப் பிடித்தேன். மஞ்சள் கோடுகள் இரண்டும் (577, 579 நானோமீட்டர்) பெரிதும் மாறவில்லை. பச்சைக் கோடு (546) சற்றே மங்கியது. நீலப்பச்சைக் கோடு (491.6) கண்ணுக்குப் புலப்படவே இல்லை. ஆகவே இக்கண்ணாடி எல்லா ஒளியையும் குறைப்பதன்று. வேண்டாத பகுதியைத் தேர்ந்து குறைப்பது.

எனக்கு வாரத்தில் மூன்று நாள் வந்த வலி இப்போது ஒரு நாளாகக் குறைந்துள்ளது. முற்றும் தீரவில்லை, ஆனால் இரவில் இரண்டு மணி நேரம் படிக்க முடிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் கூற விரும்புகிறேன். புற ஊதாக் கதிரைத் தடுக்காத மலிவுக் கருப்புக் கண்ணாடி தீமையே செய்யும். இருட்டில் பாவை விரிவதால் அக்கதிர் கூடுதலாக உட்புகும். மேலும், வண்ணக் கண்ணாடி எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனின் குறையைப் போக்கும் என்பாரும் உளர். அதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-இல் கூட்டாக அறிவித்தன.

என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோர் நம்மிடையே பலர். தலைவலியால் புத்தகத்தை மூடும் நண்பனைக் கண்டால், 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்ட வேண்டா. முதலில் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.