சோளக்காட்டு மைதானம்

கேள்வி: வயது ஏற ஏற வேறாகத் தெரிந்த படம் உண்டா?

பதில்: உண்டு. 1989-இல் வந்த ‘ஃபீல்டு ஆஃப் ட்ரீம்ஸ்’. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு விவசாயி, சோளக்காட்டில் ஒரு பகுதியை அழித்து பேஸ்பால் மைதானம் போடுகிற கதை. இளவயதில் பார்த்தபோது, விளைகிற பயிரைக் கெடுக்கிறானே என்று கோபம்தான் வந்தது. அப்பா காலமான பிறகு மறுபடி பார்த்தேன். அந்த விவசாயியின் இறந்த தகப்பன் இளைஞனாக வந்து நிற்க, அந்திவெயிலில் இருவரும் பந்தை எறிந்து பிடிக்கிறார்கள். கையுறையில் பந்து விழும் அந்தச் சத்தத்துக்கே அழுதுவிட்டேன்.

மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது அயோவாவில் உள்ள டயர்ஸ்வில்லுக்கும் போனேன். படத்துக்காக அமைத்த மைதானம் அங்கே இன்னும் இருக்கிறது. சோளம் தலைக்குமேல் நின்றது. முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கையுறையை நீட்டினார். இருட்டும்வரை எறிந்து பிடித்தோம்.