செல்லுக்கு யார் சொன்னது?



நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லில் இருந்து வந்தவர்கள். அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகுகிறது. எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். அப்புறம் எப்படி ஒரு செல் தோலாகவும் இன்னொரு செல் மூளையாகவும் ஆகிறது? வகுப்பில் கேட்டேன். “பக்கத்துச் செல் சொல்லும், இது கேட்கும்” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அது நிஜம்தான்!

இதைக் காட்டியவர் ஒரு மாணவி. பெயர் ஹில்டே மாங்கோல்ட். ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரில் ஹான்ஸ் ஷ்பேமான் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். 1921, 1922-ம் ஆண்டுகளில் நியூட் கருவில் சோதனை செய்தார். நியூட் பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். ஆனால் தவளை போல நீரில் முட்டையிடும்.

கரு சின்னப் பந்தாக இருக்கும்போது அதில் ஒரு பிளவு வரும். அது வழியாகச் செல்கள் உள்ளே மடங்கிப் போகும். அந்தப் பிளவின் மேல்விளிம்பில் துளியூண்டு வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார். வெட்டி எடுத்தது வெளிர்நிற நியூட்டில், ஒட்டியது கருநிற நியூட்டில்.

அப்போது பென்சிலின் கூடக் கிடையாது. நிறையக் கருக்கள் செத்துப்போயின. பிழைத்த சிலவற்றில் வயிற்றுப் பக்கம் இரண்டாவது உடம்பு வளர்ந்திருந்தது! அதில் நரம்பாக மாறியவை பெரும்பாலும் கருநிறச் செல்கள். அதாவது, தோலாக வேண்டிய செல்களை ஒட்டிய துண்டு மாற்றிவிட்டது. அந்தத் துண்டுக்கு ‘அமைப்பாளர்’ என்று பெயர் வைத்தார்கள்.

அது என்ன சொன்னது? 1990-களில்தான் தெரிந்தது. கருவில் பி.எம்.பி. என்ற புரதம் வெளிச்செல்களிடம் “தோலாகு” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அமைப்பாளர் செல்கள் நாகின், கார்டின் என்ற புரதங்களை வெளியே விடும். அவை பி.எம்.பி.யைப் பிடித்துக்கொள்ளும். செய்தி போய்ச் சேராத இடத்தில் மூளையும் தண்டுவடமும் உருவாகும்!

“விளையாட வா” என்று எழுதிய சீட்டு நம் கைக்கு வரும் முன்னே ஒருத்தி பிடுங்கிக்கிட்டா, நாம் படிச்சுக்கிட்டே இருப்போம் இல்லையா? அது மாதிரிதான். மீன், தவளை, கோழி, எலி கருக்களிலும் இப்படி ஓர் அமைப்பாளர் உண்டு.

ஹில்டேயின் கட்டுரை 1924-ல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டில் நடந்த தீ விபத்தில் அவர் இறந்துவிட்டார். 26 வயது கூட முடியவில்லை. 1935-ல் ஷ்பேமானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அதற்கு ‘ஷ்பேமான்–மாங்கோல்ட் அமைப்பாளர்’ என்று பெயர். யாராவது முதல் பெயரை மட்டும் சொன்னால், இரண்டாவதையும் நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

யோசியுங்கள்: இரண்டு நியூட்டும் ஒரே நிறமாக இருந்திருந்தால், ஹில்டேக்கு எது தெரியாமல் போயிருக்கும்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி